லண்டன் பஸ்ஸில் 130 மணி நேரம்: டிரைவரின் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

ஒரு சின்னக் கணக்கில் இருந்து ஆரம்பிக்கலாம். பிரிட்டனில் கனரக லாரி ஓட்டுகிறவர் இரண்டு வாரத்தில் அதிகபட்சம் 90 மணி நேரம்தான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம். அதைத் தாண்டினால் வண்டியில் இருக்கும் டேகோகிராஃப் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அதே நாட்டில், லண்டன் தெருக்களில் எண்பது பேர் வரை ஏற்றிக்கொண்டு டபுள் டெக்கர் ஓட்டுகிறவருக்கு இரண்டு வார வரம்பு எவ்வளவு? ஓட்டும் நேரத்துக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டலாம். இரண்டு வாரத்தில் ஒரு தடவையாவது 24 மணி நேரம் முழு ஓய்வு தர வேண்டும். 13 நாள், நாளுக்கு 10 மணி என்று பெருக்கிப் பாருங்கள். 130 மணி நேரம் வருகிறது.

"அப்படி எந்தக் கம்பெனியும் ரோஸ்டர் போடுவதில்லையே" என்று பதில் வரும். சாதாரணமாகப் போடுவதில்லை, உண்மைதான். ஆனால் ஆள் பற்றாக்குறை வந்தால், ஓவர்டைம் தேவைப்பட்டால், வீட்டு வாடகை ஏறினால், அந்த 90-க்கும் 130-க்கும் நடுவில் இருக்கிற இடம் காலியாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்று ஒரு பொதுவான வேலை நேரச் சட்டம் இருக்கிறது. அதில் இருந்து விலகுவதற்கு ஊழியர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். லண்டனில் வேலைக்குச் சேர்ந்த நம்மில் பலரும் முதல் நாளே அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தானே!

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், 50 கிலோமீட்டரில் இருந்து. பஸ் ரூட்டின் நீளம் 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஐரோப்பிய விதிகள் பொருந்தாது, பிரிட்டனின் உள்நாட்டு விதிகள்தான் பொருந்தும். லண்டன் ரூட்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. லாரிக்காரர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். லோக்கல் பஸ் டிரைவர் ஐந்தரை மணி நேரம் ஓட்டிவிட்டு 30 நிமிடம் ஓய்வெடுத்தால் சட்டப்படி சரி. ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது ஆரம்பிக்க இடையில் 10 மணி நேரம். அதையும் வாரத்தில் மூன்று தடவை எட்டரை மணி நேரமாகக் குறைக்கலாம். எட்டரை மணி நேரத்தில் டிப்போவில் இருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம், வீட்டில் இருந்து டிப்போவுக்கு ஒரு மணி நேரம், குளியல், சாப்பாடு, பிள்ளைகள் முகம் பார்ப்பது எல்லாம் போக, தூக்கத்துக்கு எவ்வளவு மிஞ்சும்? ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். முக்கியமான விஷயம், நெடுஞ்சாலையில் நேராகப் போகும் லாரியைவிட, சில நூறு மீட்டருக்கு ஒரு ஸ்டாப், சைக்கிள், ஸ்கூட்டர், தள்ளுவண்டிக் குழந்தை, சண்டை போடும் பயணி என்று ஓடும் லண்டன் பஸ் எந்த விதத்திலும் சுலபமான வேலை இல்லை.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு கொவென்ட்ரி நகரம் சாட்சி. 2015 அக்டோபர் 3-ஆம் தேதி ஒரு டபுள் டெக்கர் நகர மையத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் பாய்ந்தது. மேல் தளத்தில் இருந்த ஏழு வயதுச் சிறுவனும், தெருவில் நடந்துபோன 76 வயது மூதாட்டியும் இறந்தார்கள். ஓட்டியவருக்கு வயது 77. விபத்துக்கு முந்தைய வாரங்களில் அவர் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கும் மேல் வேலை பார்த்திருந்தார். அவருடைய ஓட்டத்தில் தடுமாற்றம் இருப்பதை பஸ்ஸில் பொருத்தியிருந்த டெலிமேட்டிக்ஸ் கருவியே முன்கூட்டி நிர்வாகத்துக்குச் சொல்லியிருந்தது. 2018-இல் மிட்லண்ட் ரெட் சவுத் நிறுவனத்துக்கு 23 லட்சம் பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது.

அந்தச் சிறுவனின் பெயரிலேயே ஒரு மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. லோக்கல் பஸ் டிரைவருக்கும் லாரி டிரைவர் மாதிரி வாரத்துக்கு 56, இரண்டு வாரத்துக்கு 90 மணி நேர வரம்பு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். வார்விக் அண்ட் லெமிங்டன் தொகுதி உறுப்பினர் மேட் வெஸ்டர்ன் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக நேர்வதே அதற்கும் நேர்ந்தது. சட்டமாகவில்லை.

நான் வேலை பார்ப்பது வாகனக் கூட்டங்களைக் கண்காணிக்கும் மென்பொருள் துறையில். வேன், லாரி, கோச் எங்கே போகிறது, எவ்வளவு வேகம், எப்போது பிரேக் அடித்தார், கண் இமை எத்தனை விநாடி மூடியிருந்தது என்று விநாடிக்கு விநாடி டேட்டா கொட்டும் துறை. அதனால் கொவென்ட்ரி வழக்கில் எனக்கு உறுத்துவது அபராதத் தொகை இல்லை. கருவி சொல்லிவிட்டது. கேட்க ஆள் இல்லை. தொழில்நுட்பம் தோற்ற கதையாக இதைச் சொல்ல முடியாது. தொழில்நுட்பம் தன் வேலையைச் செய்தது. அதற்கு அடுத்த மேஜையில் அந்தத் தகவல் செத்துப்போனது.

லண்டனுக்கு வருவோம். 2019-இல் லண்டன் போக்குவரத்துக் கழகம், அதாவது டிஎஃப்எல், லஃப்பரோ பல்கலைக்கழகத்திடமும் ஸ்வீடன் ஆய்வாளர்களிடமும் கொடுத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட லண்டன் பஸ் டிரைவர்களிடம் கேட்டார்கள். 21 சதவீதம் பேர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது தூக்கத்தோடு போராடி ஓட்டுவதாகச் சொன்னார்கள். 36 சதவீதம் பேர், கடந்த ஒரு வருடத்தில் களைப்பால் மயிரிழையில் தப்பியதாகச் சொன்னார்கள். 17 சதவீதம் பேர் கடந்த ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது ஓட்டும்போதே தூங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். லண்டனில் சுமார் 25,000 பஸ் டிரைவர்கள். ஆய்வில் வந்த விகிதத்தை அப்படியே மொத்தத்துக்கும் பெருக்குவது சரியான புள்ளியியல் இல்லை என்று தெரிந்தாலும், கை தானாகவே பெருக்கிப் பார்க்கிறது. நாலாயிரத்தைத் தாண்டுகிறது.

ஏன் இப்படி? சோம்பேறித்தனமா? ஆய்வு சொன்ன காரணங்கள் எல்லாம் வேறு பக்கம் கைகாட்டின. அடிக்கடி மாறும் ஷிஃப்ட், விடிகாலை ஆரம்பம், டிராஃபிக்கில் கரைந்துபோகும் ஓய்வு நேரம், கழிப்பறைக்குக்கூட நேரம் இல்லாத அட்டவணை, வீட்டுப் பாரம், "களைப்பா இருக்கு" என்று சொன்னால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயம். லண்டனில் பஸ் ஓட்டுவது தனியார் கம்பெனிகள். டிஎஃப்எல் டெண்டர் விடுகிறது, பஸ் நேரத்துக்கு வருகிறதா, ஸ்டாப்பில் பயணி எவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருந்தார் என்று அளக்கிறது, அதற்கேற்ப பணம் கூடும் குறையும். எதை அளக்கிறோமோ அதற்குத்தான் நிர்வாகம் ஓடும், எங்கள் துறையில் இது பாலபாடம். பயணியின் காத்திருப்பு நிமிடம் நிமிடமாக அளக்கப்படுகிறது. டிரைவரின் தூக்கத்தை யார் அளந்தார்கள்?

ஹாரோ பக்கம் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், பல வருடமாக பஸ் ஓட்டுகிறார். அவரிடம் இந்த ஆய்வைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "தம்பி, விடியக் காலமை மூண்டு மணிக்கு எழும்போணும். அதுக்கு பின்னேரம் ஏழு மணிக்குப் படுக்கச் சொல்லுறாங்கள். சமருக்கு ஏழு மணிக்கு வெளியில வெய்யில் எரியுது. பிள்ளையள் விளையாடுதுகள். எந்தக் கண் மூடும்?" அவர் சொன்னது வெறும் புலம்பல் இல்லை. மனித உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ரோஸ்டரைப் படிப்பதில்லை. இரவு 2 முதல் 6 வரையும், பிற்பகல் 2 முதல் 4 வரையும் தூக்கம் இழுக்கும். மாலை ஏழு மணி என்பது பெரும்பாலானவர்களுக்கு உடம்பு விழித்திருக்க விரும்பும் நேரம். ஒரு வாரம் விடிகாலை, அடுத்த வாரம் நள்ளிரவு என்று மாற்றினால், லண்டனை விட்டு நகராமலேயே ஒருவர் விமானப் பயணக் களைப்பை அனுபவிக்கலாம்.

விடிகாலை ஷிஃப்ட் என்றதும் தென் லண்டன்காரர்களுக்கு சாண்டிலாண்ட்ஸ் நினைவு வரும். 2016 நவம்பர் 9, காலை ஆறு மணி தாண்டி ஏழு நிமிடம். நியூ அடிங்டனில் இருந்து விம்பிள்டன் நோக்கி வந்த ட்ராம், 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 73 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து கவிழ்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த நேரத்து வண்டியில் இருப்பவர்கள் யார்? துப்புரவு வேலை, கட்டட வேலை, கடை திறக்கும் வேலைக்குப் போகிறவர்கள். குரோய்டனிலும் மிச்சமிலும் குடியிருக்கும் நம் ஆட்கள் பலர் தினமும் ஏறும் ட்ராம் அது.

ரயில் விபத்து விசாரணை அமைப்பின் அறிக்கையை ஒரு இன்ஜினியராக நான் இரண்டு முறை படித்தேன். ஓட்டுநர் சில விநாடி கண்ணயர்ந்து, விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்ற உணர்வை இழந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. ட்ராமில் ஏற்கனவே ஒரு பாதுகாப்புக் கருவி இருந்தது. கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் மயங்கி விழுந்தால் காப்பாற்றும். ஆனால் மூன்று நாலு விநாடி கண்ணயர்கிறவரின் கை தளர்வதில்லையே! அந்தக் கருவியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்துகொண்டிருந்தது.

அறிக்கையில் இன்னொரு விஷயம். அவருடைய ஷிஃப்ட் அட்டவணை அசாதாரணமாக ஆபத்தானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வரும்போது அவர் போதுமான அளவு தூங்காமல் வந்திருக்கலாம் என்றார்கள். அதாவது காகிதத்தில் சரியாக இருக்கும் ரோஸ்டர்கூட படுக்கையில் தூக்கமாக மாறும் என்பதற்கு உறுதி இல்லை. அதைவிட முக்கியம், அந்த விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு அதே வளைவில் இன்னொரு ட்ராம் அதிக வேகத்தில் திரும்பியிருந்தது. வேறு சில ஓட்டுநர்களும் அங்கே தாமதமாக பிரேக் அடித்த அனுபவத்தை விசாரணையில் சொன்னார்கள். முன்பே ஏன் சொல்லவில்லை? சொன்னால் தண்டனை வரும் என்ற பயம். 2023-இல் ஓட்டுநர் குற்றமற்றவர் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் குறைபாட்டை ஒப்புக்கொண்ட டிஎஃப்எல்லுக்கு ஒரு கோடி பவுண்டும், ட்ராமை இயக்கிய டிராம் ஆபரேஷன்ஸ் நிறுவனத்துக்கு 40 லட்சம் பவுண்டும் அபராதம். யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வது அபூர்வம்.

அதன்பிறகு குரோய்டன் ட்ராம்களில் கேமரா வந்தது. அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சி, கண் இமையைப் பார்த்து, மூடினால் இருக்கையை அதிரவைத்து அலாரம் அடிக்கும் கருவி. தொழிற்சங்கம் எதிர்த்தது. இப்போது இதே மாதிரிக் கருவிகள் லாரி, கோச், பஸ் என்று எங்கும் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய வாகனங்களில் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம்.

இதை விற்கும் துறையில் இருந்துகொண்டே சொல்கிறேன்: கேமரா வேண்டும், ஆனால் அது கடைசி வேலி. உள்ளே நடப்பது சிக்கலான மாயம் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை சதவீத நேரம் இமை எண்பது சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்று கணக்கிடுவதுதான் அடிப்படை, தொண்ணூறுகளிலேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த முறை. கறுப்புக் கண்ணாடி, எதிர் வெயில், இயற்கையாகவே சின்னக் கண் எல்லாம் அதைக் குழப்பும். தவறான அலாரம் நாலு தடவை அடித்தால் ஐந்தாவது தடவை டிரைவர் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். சரியான அலாரமாகவே இருக்கட்டும். அது அடிக்கும்போது வண்டி ஏற்கனவே தூங்குகிறவர் கையில் இருக்கிறது. மணிக்கு 20 மைல் என்பது லண்டனில் மெதுவான வேகம். அதிலும் மூன்று விநாடிக்கு 27 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட இரண்டரை பஸ் நீளம், கண்ணை மூடிக்கொண்டு.

என்னைக் கேட்டால், காலை 5.40-க்கு அலாரம் அடித்தால் அந்த அலாரம் போய்ச் சேர வேண்டிய முதல் ஆள் ரோஸ்டர் போடுகிறவர். அந்த டிரைவர் முந்தைய ஷிஃப்டை எப்போது முடித்தார், இது தொடர்ந்து எத்தனையாவது விடிகாலை, எத்தனை நாள் ஓவர்டைம் என்ற எல்லா டேட்டாவும் கம்பெனியின் சம்பளக் கணக்கிலேயே இருக்கிறது. கேமரா வாங்காமலேயே, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில், அடுத்த வாரம் யாருக்கு ஆபத்து என்று சொல்லிவிடலாம். ஆனால் கேமரா வாங்கினால் டிரைவரைக் கேள்வி கேட்கலாம். ஸ்ப்ரெட்ஷீட் போட்டால் மேனேஜரைக் கேள்வி கேட்க வேண்டிவரும். எது வேகமாக விற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டிஎஃப்எல் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் பிறகு களைப்பு மேலாண்மைத் திட்டம் ஒன்றை பஸ் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள், மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், கேமரா சோதனைகளுக்கு நிதி கொடுத்தார்கள். பெயர் சொல்லாமல் புகார் செய்யும் சிராஸ் வசதி பஸ் டிரைவர்களுக்கு 2016 முதலே இருக்கிறது. 2030-க்குள் பஸ்ஸால் யாரும் சாகக்கூடாது என்பது அவர்கள் இலக்கு. ஆனால் 130 மணி நேரக் கணக்கு அப்படியே இருக்கிறது. அதை மாற்ற வேண்டியது வெஸ்ட்மின்ஸ்டர்.

பஸ்ஸுக்காவது ஏதோ ஒரு விதி இருக்கிறது. மினிகேப்? ஒன்றும் இல்லை. டேகோகிராஃப் இல்லை, தினசரி ஓட்டும் நேரச் சட்டமும் இல்லை. 2018-இல் ஊபர் தானாகவே ஒரு வரம்பு கொண்டுவந்தது: பத்து மணி நேரம் ஓட்டினால் ஆறு மணி நேரம் ஆப் திறக்காது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரம் சேராது. அது மட்டுமா, ஒரு ஆப் மூடினால் இன்னொரு ஆப் திறக்கும். இரண்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை கிடையாது. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஊபர் டிரைவர்களைத் தொழிலாளர்கள் என்று அறிவித்தது. சம்பளமும் விடுமுறையும் பேசப்பட்ட அளவுக்கு தூக்கம் பேசப்படவில்லை. பார்சல் வேன்களிலும் டேகோகிராஃப் இல்லை. மூன்றரை டன்னுக்குக் கீழே டேகோகிராஃப் தேவையில்லை.

ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் இருக்கிற நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. இரவில் பெட்ரோல் ஸ்டேஷன் கவுண்டர், பகலில் டெலிவரி என்று இரண்டு வேலை பார்க்கும் ஒருவரையாவது தெரியாத தமிழ்க் குடும்பம் லண்டனில் இருக்குமா? ஊரில் தங்கை கல்யாணம், இங்கே மார்ட்கேஜ். 1997-இல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு விழுந்துவிடுகிறது, 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதம். இந்தியாவில் குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கு வரம்பு 0.03. காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்கு வண்டி எடுப்பவர், ஒரு சொட்டு தொடாமலேயே இந்தியச் சட்டத்தின் அளவைத் தாண்டிய நிலையில் இருக்கிறார். ஊதச் சொன்னால் மெஷினில் ஒன்றும் காட்டாது.

காட்டாததால்தான் நம் ஊரில் இதற்குப் பெயரே இல்லை. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சகத்தின் புள்ளிவிவர அட்டவணையைத் திறந்தால் அதிவேகம், குடிபோதை, தவறான பாதை, சிக்னல் மீறல், செல்போன், பிறகு 'மற்றவை'. தூக்கம் என்று தனி வரிசை கிடையாது. பத்தில் ஏழு சாவு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. விடிகாலை நாலு மணிக்கு, பிரேக் அடித்த தடமே இல்லாமல், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிய வண்டியைக்கூட அந்த வரிசையில் எழுதிவிட முடியும்.

இந்தியாவில் சட்டம் இல்லாமலும் இல்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொலைதூர ரூட்டுக்கு மட்டும் பத்து, 54 வரை. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு. காகிதத்தில் லண்டன் பஸ் டிரைவரைவிட நாமக்கல் லாரி டிரைவருக்குப் பாதுகாப்பு அதிகம்! 2020-இல் இயற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதைச் சேர்த்தும்விட்டார்கள். நடைமுறையில் டிரிப்புக்கு இவ்வளவு என்று படி, சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அடுத்த லோடு. எட்டு மணி நேரத்தை யார் எண்ணுகிறார்கள்?

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. நொறுங்கிய எலும்புகளைத் தினமும் பார்த்த ஒருவர் நேராக டெல்லிக்குப் போன வழக்கு. அதில்தான் 2025 ஏப்ரலில் நீதிமன்றம், டிரைவர்களுக்கான எட்டு மணி நேர விதியை எப்படி அமல்படுத்துவது என்று மாநிலங்களோடு பேசி முடிவுக்கு வாருங்கள் என மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அறுபது வருடத்துக்கு மேல் பழைய விதியை எப்படி அமல்படுத்துவது என்று பேச ஒரு கூட்டம்! இதற்கு நடுவில் உருப்படியாக நடந்த ஒன்று, 2025-இல் இருந்து தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி. 45 டிகிரி வெயிலில் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அது சொகுசு இல்லை.

இலங்கையிலும் இதே கதைதான். 2025 மே 11, கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்த பஸ் கதிர்காமத்தில் இருந்து குருநாகல் போய்க்கொண்டிருந்தது. விடியும் நேரம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம் இரவு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த நேரத்தின் அமைதி தெரியும்.

நம் நெடுஞ்சாலைகளில் போலீசார் இரவில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி டீ கொடுப்பார்கள். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது போன்றவை கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காது என்று லஃப்பரோவின் ஜிம் ஹோர்ன் குழு தொண்ணூறுகளிலேயே சோதித்துக் காட்டியது. வேலை செய்வது ஒன்றுதான்: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு கப் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து நிமிடம் கண்ணை மூடுவது. காபி வேலை செய்ய ஆரம்பிக்க இருபது நிமிடம் ஆகும், அதற்குள் குட்டித் தூக்கம் முடிந்துவிடும். பிரிட்டனின் ஹைவே கோடில் 91-ஆவது விதியாக இது இருக்கிறது. தியரி டெஸ்டுக்கு மனப்பாடம் செய்து மறந்திருப்போம். அதுவும் அவசரத்துக்கு மருந்துதான், ஒரு இரவுத் தூக்கத்துக்கு மாற்று கிடையாது.

இன்னொன்று நேரடியாக நம்மைப் பற்றியது. டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். விமானம் சென்னையில் நள்ளிரவு தாண்டி இறங்கும். அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ, கட்டுநாயக்கவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கோ, ஊரில் இருந்தே தெரிந்த டிரைவர் வண்டியோடு வந்து நிற்பார். அவர் முந்தைய நாள் பகல் முழுக்க ஓட்டி வந்திருப்பார். நாலு பெட்டி, இரண்டு குழந்தை, தாத்தா பாட்டிக்கு அவசரம். மூன்று மணிக்குக் கிளம்புகிறோம். உடம்புக் கடிகாரம் மிக மோசமாக இருக்கும் நேரத்தில், இருபது மணி நேரமாக விழித்திருக்கும் ஒருவர் கையில் குடும்பத்தையே கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் தூங்கிப்போகிறோம். விமான நிலையத்தில் இருந்து ஊர் திரும்பிய குடும்பம் என்று ஆரம்பிக்கும் செய்தியை நீங்களும் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்.

"உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று டிரைவரிடம் கேட்டுப் பயன் இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், ஒரு டீ போட்டா போதும்" என்பார். வாடகையை இழக்க யாருக்குத்தான் மனசு வரும்? கேட்க வேண்டியது, "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" அதையும் வண்டி புக் பண்ணும்போதே கேட்க வேண்டும். மீனம்பாக்கத்திலோ நீர்கொழும்பிலோ ஒரு இரவு தங்கி, காலை ஏழு மணிக்குக் கிளம்புவதற்கு லண்டன் கணக்கில் ஆகும் செலவு ஒரு குடும்பச் சாப்பாட்டுக் காசு. டிரைவருக்கும் தனி ரூம் போட வேண்டும், வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் படுப்பது கணக்கில் வராது. போன வருடம் நாங்கள் அப்படிச் செய்தபோது அப்பா போனில், "எதுக்குடா வீண் செலவு, அவன் எத்தனை தடவ நைட்ல வந்திருக்கான்" என்றார். இந்த வருடம் டிரைவருக்கு ரூம் சொல்லியாச்சா என்று அவரே இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.